வாடிக்கையாளர் சொன்ன பிறகு

1980களின் தொடக்கத்தில் ஸ்காண்டிநேவிய விமான நிறுவனமான எஸ்ஏஎஸ்ஸின் சரக்குப் பிரிவு தன் வேலையைப் பற்றி நிறைவோடு இருந்தது. எவ்வளவு சரக்கு ஏற்றினோம், விமானத்தில் எவ்வளவு இடம் நிரம்பியது, பொட்டலத்தோடு போக வேண்டிய ஆவணம் அதைவிட்டுப் பிரியாமல் போனதா என்று அவர்கள் அளந்துவந்தார்கள். கணக்குகள் எல்லாம் நன்றாகவே இருந்தன. பிறகு ஒரு சோதனை செய்து பார்த்தார்கள். ஐரோப்பாவின் பல முகவரிகளுக்கு 100 பொட்டலங்களை அனுப்பினார்கள். சிறு பொட்டலம் மறுநாளே போய்ச் சேர வேண்டும் என்பது ஏற்பாடு. சராசரியாக நான்கு நாள் ஆயிற்று.

யாரும் பொய்க்கணக்கு எழுதவில்லை. எழுதிய எண் ஒவ்வொன்றும் சரியானது. ஆனால் பொட்டலம் அனுப்பியவருக்குத் தெரிய வேண்டியது, அது எப்போது போய்ச் சேரும் என்பது மட்டும்தான். அதை எழுதப் பேரேட்டில் இடமே இருக்கவில்லை. சோதனைக்குப் பிறகு அளவைகளை மாற்றினார்கள். தொலைபேசியை எவ்வளவு நேரத்தில் எடுக்கிறோம், பதிவு செய்த விமானத்திலேயே சரக்கு ஏறியதா, விமானம் இறங்கி எவ்வளவு நேரம் கழித்துச் சரக்கைப் பெற்றுக்கொள்ள முடிகிறது, சொன்ன கெடு காக்கப்பட்டதா என்றெல்லாம் கணக்குக் காட்ட வேண்டியதாயிற்று. அன்று நிறுவனத்தின் தலைவராக இருந்த யான் கார்ல்சன் இதைத் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். வாடிக்கையாளர் அனுபவத்தை மேம்படுத்த ஒரு நிறுவனத்துக்குள் திட்டம் வகுக்க நினைப்பவர் முதலில் படிக்க வேண்டிய பகுதி இதுதான் என்பேன்.

இன்று இதற்கென்று தனித் துறைகள் இருக்கின்றன, துணைத் தலைவர் பதவிகள் இருக்கின்றன, மென்பொருள்கள் விற்பனையாகின்றன. எதை வாங்கினாலும் அடுத்த அரை மணி நேரத்தில் நட்சத்திரங்களைத் தொடச் சொல்லிக் குறுஞ்செய்தி வருகிறது. கேட்பதில் ஒரு குறையும் இல்லை. பெயின் என்ற ஆலோசனை நிறுவனம் 2005இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. 362 நிறுவனங்களிடம் கேட்டபோது 80 சதவீதம், தாங்கள் மேலான அனுபவத்தைத் தருவதாக நம்பின. அவர்களின் வாடிக்கையாளர்களைக் கேட்டபோது 8 சதவீத நிறுவனங்களுக்குத்தான் அந்தப் பெயர் கிடைத்தது. இவ்வளவு பெரிய இடைவெளியை அதிகாரிகளின் தற்பெருமை என்று தள்ளிவிட முடியாது. சரக்குப் பிரிவைப் போலவே, தங்கள் பேரேட்டில் இருந்ததைப் பார்த்து உண்மையாகவே அப்படி நம்பியிருப்பார்கள்.

வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்பது இந்த வேலையின் சுலபமான பாதி. சொன்னது யார் கைக்குப் போகிறது, அவருக்கு நடைமுறையை மாற்ற அதிகாரம் உண்டா, மாற்றினால் அவருக்கு என்ன லாபம், மாற்றாவிட்டால் என்ன நட்டம் என்ற கேள்விகளில்தான் மற்றப் பாதி இருக்கிறது. நான் படித்தறிந்தவரை, தோற்றுப்போகும் திட்டங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் பாதியில், அதிலும் குறிப்பாக இடைநிலை மேலாளர்களின் மேசையில்தான் தோற்கின்றன.

எஸ்ஏஎஸ் கதைக்கே திரும்புவோம். பதினேழு ஆண்டுகள் தொடர்ந்து லாபம் பார்த்த நிறுவனம் எழுபதுகளின் இறுதியில் நட்டத்தில் விழுந்தது. எண்ணெய் விலை ஏறிப் பயணச் சந்தை மந்தமாகியிருந்தது. 1981இல் கார்ல்சன் தலைமைக்கு வந்தபோது எல்லோரும் எதிர்பார்த்தது ஆட்குறைப்பும் செலவுக் குறைப்பும். அவர் ஒரு முடிவு எடுத்தார்: அடிக்கடி தொழில் நிமித்தம் பறப்பவருக்கு உலகிலேயே நல்ல விமான நிறுவனமாக இருப்போம். அவருக்கு உதவாத செலவு அனைத்தையும் நிறுத்துவோம், உதவும் செலவைக் கூட்டுவோம். நட்டம் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் 147 திட்டங்களுக்காகக் கூடுதலாக 4.5 கோடி டாலர் முதலீடு கேட்டார், இயக்கச் செலவிலும் ஆண்டுக்கு 1.2 கோடி டாலர் கூட்டினார். புதிதாக வாங்கிய பெரிய ஏர்பஸ் விமானங்களை ஓரம்கட்டினார். பெரிய விமானத்தில் ஓர் இருக்கைக்கு ஆகும் செலவு குறைவு. ஆனால் அதை நிரப்ப வேண்டுமானால் பயணிகளைக் கோபன்ஹேகனில் கொண்டுவந்து குவிக்க வேண்டும். தொழில் பயணிக்கு வேண்டியதோ தன் ஊரிலிருந்து நேராக, அடிக்கடி பறக்கும் விமானம். அதற்குப் பழைய சிறிய டிசி-9 போதும். வாடிக்கையாளர் அனுபவம் என்றாலே சிரித்த முகமும் இனிய குரலும் என்று நினைப்பவர்கள் இந்த முடிவைக் கவனிக்க வேண்டும். பயணியின் அனுபவத்தை மிகவும் மாற்றியது எந்த விமானத்தை ஓட்டுவது என்ற தீர்மானம். அதை எந்தப் பயிற்சி வகுப்பாலும் ஈடுசெய்ய முடியாது.

பிறகு ஒரு கணக்குப் போட்டார். ஆண்டுக்குச் சுமார் 1 கோடிப் பயணிகள். ஒவ்வொருவரும் ஏறக்குறைய ஐந்து ஊழியர்களை எதிர்கொள்கிறார். ஒவ்வொரு சந்திப்பும் சராசரியாக 15 நொடி. ஆக ஆண்டுக்கு 5 கோடி முறை, ஒவ்வொரு முறையும் 15 நொடியில், எஸ்ஏஎஸ் என்றால் என்ன என்பது பயணியின் மனத்தில் உருவாகிறது. இந்தக் கணக்கின் விளைவு கடுமையானது. 15 நொடியில் மேலதிகாரியைத் தேடிப் பிடித்துக் கேட்டு வர முடியாது. எனவே, கவுன்டரில் நிற்பவரிடமே முடிவெடுக்கும் உரிமை இருக்க வேண்டும். நிறுவனத்தின் நோக்கத்தை விளக்கும் சிறு சிவப்புப் புத்தகம் ஒன்று 20,000 ஊழியர்களின் கைக்கும் போயிற்று. நேரந்தவறாமையைத் தலைவரே தம் அறையில் இருந்த கணினித் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். நிறுவனம் விரைவிலேயே லாபத்துக்குத் திரும்பியது.

கதையை இங்கே முடித்துவிடும் மேலாண்மைப் பேச்சாளர்கள் பலர். கார்ல்சன் அப்படி முடிக்கவில்லை. அவர் நூலில் வரும் இன்னொரு சம்பவத்தை நான் அதைவிட முக்கியமானதாகக் கருதுகிறேன்.

பனி காரணமாக ஒரு விமானம் தாமதமானது. பயணிகளுக்கு இலவசமாகக் காபியும் பிஸ்கட்டும் தரலாம் என்று விமானப் பணிப்பெண் குழுவின் தலைவி முடிவு செய்தார். அந்த உரிமை அவருக்கு இருந்தது. உணவுப் பிரிவிடம் கூடுதலாக 40 பேருக்குக் கேட்டார். உணவுப் பிரிவின் மேற்பார்வையாளர் மறுத்துவிட்டார். இந்த விமானத்துக்கு இவ்வளவுதான், அதற்கு மேல் கேட்பது விதிக்குப் புறம்பு. பக்கத்து வாசலில் ஃபின்ஏர் விமானம் ஒன்று நின்றது. அந்த நிறுவனத்துக்கும் எஸ்ஏஎஸ்ஸின் உணவுப் பிரிவுதான் உணவு தந்துவந்தது, ஆனால் அது வெளி வாடிக்கையாளர், உள்விதிகள் அதற்குப் பொருந்தா. நம் குழுத் தலைவி ஃபின்ஏர் விமானப் பணியாளரிடம் போய், 40 காபியும் பிஸ்கட்டும் உங்கள் பெயரில் கேளுங்கள் என்றார். அதே மேற்பார்வையாளர் உடனே கொடுத்தார், விதிப்படி கொடுத்தே ஆக வேண்டும். எஸ்ஏஎஸ் பணிப்பெண் சொந்த நிறுவனத்தின் காபியை இன்னொரு நிறுவனத்திடமிருந்து விலைக்கு வாங்கித் தன் பயணிகளுக்குக் கொடுத்தார்.

அந்த மேற்பார்வையாளரைத் தீயவராகப் பார்த்தால் நாம் இந்தச் சம்பவத்திலிருந்து எதையும் கற்க மாட்டோம். அவருடைய மேலதிகாரி மாதக் கடைசியில் கேட்கப்போவது சரக்கிருப்பும் செலவும். தலைமை புதிய கொள்கையை அறிவித்தது, முன்வரிசை ஊழியருக்குப் பயிற்சி கொடுத்தது, புத்தகம் கொடுத்தது. நடுவில் இருப்பவரின் பொறுப்புப் பட்டியலை மட்டும் யாரும் திருத்தி எழுதவில்லை. நேற்றுவரை விதியைக் காப்பதற்காகச் சம்பளம் வாங்கியவரிடம் இன்று விதியை மீறுபவருக்குத் துணை நில் என்றால் அவர் என்ன செய்வார்? உற்சாகத்தில் இடைநிலை மேலாளர்களைத் தாண்டிக் குதித்துவிட்டோம் என்று கார்ல்சனே ஒப்புக்கொள்கிறார். நம் ஊர்களில் ஒரு வங்கிக் கிளையிலோ காப்பீட்டு அலுவலகத்திலோ எதிரில் இருக்கும் ஊழியருக்கு வழி தெரிந்திருந்தும், மண்டல அலுவலகம் அனுமதிக்காது சார் என்று கைவிரிக்கிறாரே, அதுவும் இதே காபிதான்.

இந்த இடைவெளிகளை முறையாக வரைபடமாக்கியவர்களில் ஒருவர் சென்னை ஐஐடியில் பொறியியல் படித்த ஏ. பரசுராமன். டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தில் வலேரி சைத்தமல், லெனர்டு பெர்ரி ஆகியோருடன் சேர்ந்து 1985இல் அவர் வெளியிட்ட கட்டுரை, சேவைத் தரம் பற்றிய ஆய்வுகளுக்கு அடித்தளம் ஆயிற்று. வங்கி, கடன் அட்டை, பங்குத் தரகு, பழுதுபார்ப்பு ஆகிய நான்கு துறைகளில் நிர்வாகிகளையும் வாடிக்கையாளர்களையும் சந்தித்துப் பேசி அவர்கள் கண்டது இது: வாடிக்கையாளர் எதிர்பார்த்ததற்கும் பெற்றதற்கும் உள்ள இடைவெளி தானாகத் தோன்றுவதில்லை. நிறுவனத்துக்குள் இருக்கும் நான்கு இடைவெளிகளின் விளைவு அது. வாடிக்கையாளர் எதிர்பார்ப்பதை நிர்வாகம் தவறாகப் புரிந்துகொள்கிறது. புரிந்துகொண்டாலும் அதை வேலை விதியாக எழுதுவதில்லை. எழுதிய விதிப்படி வேலை நடப்பதில்லை. நடக்கும் வேலைக்கும் விளம்பரத்தில் தரும் வாக்குக்கும் பொருத்தம் இல்லை.

1988இல் இவர்கள் உருவாக்கிய 22 கூறுகள் கொண்ட செர்வ்குவால் என்ற கேள்விப்பட்டியல்தான் உலகெங்கும் பரவியது. எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. கேள்விப்பட்டியலை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், நான்கு இடைவெளிகளை வகுப்பறையில் விட்டுவிட்டார்கள். கேள்விப்பட்டியலை வாடிக்கையாளரிடம் நீட்டினால் போதும். இடைவெளிகளைத் தேடினால் நிறுவனத்துக்குள் யாருடைய மேசையில் வேலை நிற்கிறது என்று பெயர் சொல்ல வேண்டியிருக்கும்.

இனி அளவைக்கு வருவோம். அமெரிக்காவின் என்டர்பிரைஸ் கார் வாடகை நிறுவனம் 1990களில் தன் வாடிக்கையாளர்களின் நிறைவை அளக்கத் தொடங்கியது. அவர்கள் செய்ததில் மூன்று விஷயங்கள் கவனத்துக்குரியவை. ஓரளவு நிறைவு என்ற பதிலை அவர்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. முழு நிறைவு என்று சொன்னவர்கள்தாம் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்று கண்டதால் அந்த ஒரு விடையை மட்டும் எண்ணினார்கள். மதிப்பெண்ணைக் கிளைவாரியாகப் பிரித்தார்கள், எனவே எந்த மேலாளரும் சராசரிக்குள் ஒளிய முடியவில்லை. நிறுவனச் சராசரிக்குக் கீழே இருக்கும் கிளையின் மேலாளருக்குப் பதவி உயர்வு கிடையாது என்று விதி செய்தார்கள். இந்த மூன்றாவது விதி எஸ்ஏஎஸ் விட்டுவிட்ட இடத்தை நேராகப் பிடித்தது. இடைநிலை மேலாளரின் எதிர்காலம் வாடிக்கையாளரின் சொல்லோடு கட்டப்பட்டது. இதை அவசரமாகவும் செய்யவில்லை. அளவை நியாயமானதுதானா என்று மேலாளர்கள் சண்டை போட்டார்கள், அளவை திருத்தப்பட்டது, சில ஆண்டுகளுக்குப் பிறகே பதவி உயர்வோடு இணைந்தது. அதிருப்தி தெரிவித்தவர் சம்மதித்தால் கிளை மேலாளரே அவரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்ற ஏற்பாடும் இருந்தது.

இந்த நிறுவனத்தைப் பார்த்து ஊக்கம் பெற்ற ஃபிரெட் ரைக்கல்டு, 2003 டிசம்பரில் ஹார்வர்டு பிசினஸ் ரிவியூ இதழில் ஒரே கேள்வியை முன்வைத்தார்: எங்களை உங்கள் நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா? 0 முதல் 10 வரை விடை. 9, 10 சொன்னவர்களின் சதவீதத்திலிருந்து, 0 முதல் 6 வரை சொன்னவர்களின் சதவீதத்தைக் கழித்தால் வருவது என்பிஎஸ். ஒரே எண், ஒரே கேள்வி, இயக்குநர் குழுவுக்குப் புரியக்கூடியது. காட்டுத்தீயாகப் பரவியது. மற்ற அளவைகளைவிட இது வளர்ச்சியை மேலாகக் கணிக்கிறது என்ற கூற்றைத் திமத்தி கெய்னிங்கமும் அவருடைய குழுவினரும் 2007இல் சோதித்துப் பார்த்து, அப்படி எந்த மேன்மையும் இல்லை என்று எழுதினார்கள். கல்வித்துறை வாதம் ஒருபுறம் இருக்கட்டும். அந்த எண் ஊழியரின் போனஸோடு இணைந்ததும் என்ன ஆயிற்று என்பது நாமெல்லாம் அறிந்ததே. காரைச் சர்வீஸ் விட்டு எடுக்கும்போது அட்வைசர் தாழ்ந்த குரலில் சொல்வார்: கம்பெனியிலிருந்து போன் வரும் சார், பத்துக்குப் பத்து போடுங்க, ஒன்பது போட்டாக்கூட எனக்கு இன்சென்டிவ் போயிடும். வாடிக்கையாளர் இரக்கப்பட்டுப் பத்து போடுகிறார். பிரேக் சத்தம் போடுவதைப் பற்றி எங்கும் பதிவாவதில்லை. தலைமையகத்தில் வரைபடம் மேலே ஏறுகிறது.

ரைக்கல்டே 2021இல் அதே இதழில் எழுதிய கட்டுரையில், தம் அளவையை நிறுவனங்கள் கெடுத்துவிட்டதை ஒப்புக்கொண்டு, பழைய வாடிக்கையாளர்கள் திரும்ப வருவதாலும் அவர்கள் அழைத்துவருபவர்களாலும் வரும் வருமானத்தைக் கணக்கில் பாருங்கள் என்று யோசனை சொன்னார். என்டர்பிரைஸிலும் மதிப்பெண்ணோடு பதவி உயர்வு இணைந்திருந்ததே, அங்கே மட்டும் ஏன் சரி என்று கேட்கலாம். வேறுபாடு இதுதான் என்று நினைக்கிறேன்: அங்கே மதிப்பெண்ணுக்குப் பதில் சொல்பவர் கிளையை மாற்றி அமைக்கக்கூடிய மேலாளர். சர்வீஸ் அட்வைசரோ உதிரிபாகம் வர இத்தனை நாள், மெக்கானிக்குக்கு இத்தனை வண்டி என்பவற்றில் எதையும் தொட முடியாதவர். எதையும் மாற்ற முடியாதவர் தலையில் மதிப்பெண்ணை வைத்தால் அவரிடம் மிஞ்சும் ஒரே வழி கெஞ்சுவதுதான். அவரை அந்த நிலைக்குத் தள்ளுவது அநியாயம். அதைச் செய்கிற நிறுவனம் தன் கண்ணையும் தானே கட்டிக்கொள்கிறது.

வந்தவரைக் கேட்பதில் இன்னொரு குருட்டு இடமும் உண்டு. இதற்கு நான் அறிந்த சிறந்த உதாரணம் மதுரையில் இருக்கிறது. அது வணிக நிறுவனம் அல்ல, ஆனாலும் எந்த வணிக நிறுவனமும் அதனிடம் பாடம் கேட்கலாம். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமங்களில் முகாம் நடத்திக் கண்புரை உள்ளவர்களைக் கண்டறிந்தது. அறுவை இலவசம் என்று சொல்லியும் பலர் மருத்துவமனைக்கு வரவில்லை. பேருந்துக் கட்டணம், சாப்பாடு, துணைக்கு வருபவரின் கூலி எல்லாம் சேர்ந்தால் இலவசம் இலவசமாக இல்லை என்பது விசாரித்தபோது தெரிந்தது. முகாமிலிருந்தே பேருந்தில் அழைத்துப்போய், உணவு தந்து, அறுவைக்குப் பின் திரும்பக் கொண்டுவிடும் முறை வந்தது. அதன் பிறகு முகாம்களுக்குக் கூட்டம் வந்தது, வந்தவர்களுக்கு நிறைவும் இருந்தது. அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால், முகாமுக்கு வராதவர்களைத் தேடி வீடு வீடாகப் போன ஆய்வு ஒன்று நடந்தது. 1999இல் வெளியான அதன் முடிவு: முகாம் நடந்த கிராமங்களில் கண்ணில் குறை உள்ள பெரியவர்களில் சுமார் 7 சதவீதத்தினரே முகாமுக்கு வந்திருந்தார்கள்.

முகாமில் எத்தனை ஆயிரம் பேரிடம் கருத்துக் கேட்டிருந்தாலும் அந்த 93 சதவீதம் கண்ணில் பட்டிருக்காது. அச்சமும் செலவும் வீட்டுப் பொறுப்புகளும் அவர்களை வீட்டிலேயே நிறுத்தியிருந்தன. எப்போதோ ஒருநாள் வந்துபோகும் முகாமால் அவர்களை எட்ட முடியாது என்று புரிந்தது. 2004 முதல் சிற்றூர்களில் நிரந்தரக் கண் பரிசோதனை மையங்கள் திறக்கப்பட்டன. பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைச் சோதிப்பார், மருத்துவர் காணொளியில் பார்த்து முடிவு சொல்வார், கண்ணாடியும் அங்கேயே கிடைக்கும். இன்று இத்தகைய மையங்கள் நூற்றுக்கும் மேல். கசப்பான ஓர் எண்ணைக் கேட்ட பிறகு சேவையின் வடிவத்தையே மாற்றிய நிறுவனம் என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். வராதவரையும் வந்து பேசாமல் விலகிப்போனவரையும் தேடிப் போகாத எந்தத் திட்டமும், ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருப்பவர்களின் படத்தைத்தான் எடுத்து மாட்டுகிறது.

வாடிக்கையாளரை வியக்கவைக்க வேண்டும் என்ற ஆசைக்கும் ஒரு வார்த்தை. ரிட்ஸ்-கார்ல்டன் ஓட்டல்களில் விருந்தினரின் குறையைத் தீர்க்க ஊழியர் ஒருவர் 2,000 டாலர்வரை மேலதிகாரியைக் கேட்காமலே செலவிடலாம் என்ற ஏற்பாடு பிரபலமானது. அதில் கற்க வேண்டியது ஊழியர்மீது வைத்த நம்பிக்கையை, ஆடம்பரத்தை அல்ல. மாத்யூ டிக்சனும் வேறு இருவரும் 75,000 வாடிக்கையாளர்களின் தொலைபேசி, இணையவழிச் சேவை அனுபவங்களை ஆராய்ந்து 2010இல் எழுதிய கட்டுரை, வியப்பூட்டுவதால் விசுவாசம் பெரிதாகக் கூடுவதில்லை, வாடிக்கையாளரின் அலைச்சலைக் குறைப்பதால்தான் அவர் நிலைக்கிறார் என்று சொன்னது. ஒரே குறைக்காக இரண்டாம் முறை கூப்பிட நேர்வதும், ஒவ்வொருவரிடமும் கதையை முதலிலிருந்து சொல்ல நேர்வதும்தான் மனிதரைத் துரத்துகின்றன. அமேசானின் தொடக்ககால வாடிக்கையாளர் சேவைத் தலைவர் பில் பிரைஸ், ஓர் ஆர்டருக்கு எத்தனை அழைப்பு வருகிறது என்று எண்ணுவதை முதன்மை அளவையாக்கினார். அழைப்பு வந்தாலே எங்கோ ஒரு பிழை என்பது அவர் கட்சி. என் பொருள் எங்கே என்று ஆயிரம் பேர் கேட்டால் அதைக் கால் சென்டரின் சுமையாகப் பார்க்காமல், அனுப்பும் பிரிவின் கணக்கில் எழுத வேண்டும். செலவு பிழை செய்த பிரிவின்மேல் விழும்போது பிழை சீக்கிரம் திருந்துகிறது.

ஒரு மறுப்பை அதைச் சொன்ன மேசையே இறுதி செய்யக் கூடாது என்ற எண்ணத்துக்கு இந்தியாவில் ஒரு சட்ட வடிவமே இருக்கிறது, அதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. ரிசர்வ் வங்கி கொண்டுவந்த உள்குறைதீர்ப்பாளர் ஏற்பாட்டின்படி, வங்கி ஒரு புகாரை முழுவதுமாகவோ ஓரளவோ நிராகரிக்க நினைத்தால், வாடிக்கையாளருக்குப் பதில் போகும் முன் அது உள்குறைதீர்ப்பாளரின் பார்வைக்குப் போக வேண்டும். அவர் அந்த வங்கியில் வேலை பார்த்தவராக இருக்கக் கூடாது. ஒரு மேசையில் சொல்லப்பட்ட இல்லை என்ற சொல், அந்த மேசைக்குக் கட்டுப்படாத இன்னொருவரால் சரிபார்க்கப்படுகிறது. எந்தத் தனியார் நிறுவனமும் ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டாயம் இல்லாமலே இதைத் தனக்குத்தானே செய்துகொள்ளலாம். மாதத்துக்கு ஒரு நாள், நிராகரித்த புகார்களை மட்டும் எடுத்து, நிராகரித்த பிரிவைச் சேராத ஒரு மூத்த அதிகாரி படித்துப் பார்க்கட்டும். எந்த விதி திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டப்படுகிறதோ அந்த விதியை மாற்ற அவருக்கு அதிகாரம் கொடுங்கள். புதிய சர்வே மென்பொருளுக்கு ஆகும் செலவில் சிறு பங்குகூட இதற்கு ஆகாது.

ஒரு நிறுவனம் இத்தகைய திட்டத்தைத் தொடங்கும்போது அழைப்பிதழ் முதலில் போக வேண்டியது அந்த உணவுப் பிரிவு மேற்பார்வையாளரைப் போன்றவர்களுக்கு. கிடங்குப் பொறுப்பாளர், பில்லிங் மேலாளர், கொள்முதல் அதிகாரி, மண்டல அலுவலகத்தில் அனுமதி தருபவர். வாடிக்கையாளரை நேரில் பார்க்காத இவர்கள் கையில்தான் அவருடைய அனுபவம் தீர்மானமாகிறது. எந்த விதியை வாடிக்கையாளருக்காகத் தளர்த்தலாம், எந்த அளவுக்குத் தளர்த்தலாம், தளர்த்தினால் செலவு எந்தக் கணக்கில் எழுதப்படும் என்பதை அவர்களோடு உட்கார்ந்து எழுத்தில் தீர்க்காமல் முன்வரிசை ஊழியருக்குப் பயிற்சி கொடுப்பது வீண். மேலே சொன்ன பணிப்பெண்ணுக்குப் பக்கத்து வாசலில் ஒரு ஃபின்ஏர் இருந்தது. பெரும்பாலான ஊழியர்களுக்கு அப்படி ஒரு வாசல் இல்லை.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாம் எல்லோருமே யாரோ ஒருவருக்கு வாடிக்கையாளர்கள்தாம். அடுத்த முறை மதிப்பெண் கேட்டுப் போன் வந்தால், உங்களுக்கு உதவிய ஊழியருக்கு உரிய மதிப்பெண்ணைத் தாருங்கள். கருத்துச் சொல்லும் இடத்தில் எந்த விதி உங்களை அலையவிட்டது, எத்தனை முறை வர வேண்டியிருந்தது, யார் அனுமதிக்காகக் காத்திருந்தீர்கள் என்பதை நாள், தேதியோடு எழுதுங்கள். வங்கி 30 நாளுக்குள் பதில் தராவிட்டாலோ தந்த பதில் ஏற்புடையதாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம்.